அத்தியாயம் 7: உள்ளூர்க் குழுவோடு மேடையேறுதல்

சென்னை சபாக்களில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மேடைக்குப் பின்னால் முதல்முறையாகச் சந்தித்து, வணக்கம் சொல்லி, கட்டை என்ன என்று கேட்டுக்கொண்டு, நேராகப் போய் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் கச்சேரி செய்துவிட்டு வருவது சர்வ சாதாரணம். ஒத்திகை வேண்டும் என்று கேட்டால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தோடு வெளிநாடு போகிற நம் கலைஞர்கள், அந்த ஊர்க் குழுவோடும் அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று நம்பிவிடுகிறார்கள். சில இடங்களில் இது நடக்கும். பல இடங்களில் முதல் பாட்டிலேயே கவிழ்த்துவிடும்.

நம் ஊரில் இது நடப்பதற்குக் காரணம் யாருடைய மேதைமையும் அல்ல. எல்லாருக்கும் பொதுவான பாடாந்தரம் இருக்கிறது, அவ்வளவுதான். பாடகர் ‘வாதாபி’ என்று சொன்னால் போதும். ராகம், தாளம், எடுப்பு, சங்கதிகள் எல்லாம் பக்கத்தில் இருப்பவருக்கு ஏற்கனவே தெரியும். ஆகவே வெளிநாட்டுக் குழு ஒன்று உங்களை அழைத்தால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: எங்கள் இரு தரப்புக்கும் பொதுவாக என்ன தெரியும்? ஏதாவது இருந்தால் அதை வைத்து வாசிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால், போவதற்கு முன்பே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பொதுச் சொத்தை மட்டும் நம்பி உலகம் சுற்றியவர்களில் பெயர்பெற்றவர் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரி. ஒரு கட்டத்தில் அவர் சொந்தக் குழு வைத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டார். கிடாரை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார். குழுவையும் ஆம்ப்ளிஃபயரையும் அமைப்பாளர் அந்த ஊரிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். பணம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். 1973இல் மேரிலாந்தில் அப்படிப் பின்னணி வாசிக்க வாய்த்தவர் அப்போது இளைஞராக இருந்த புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று மேடையேறும்வரை குழுவுக்குத் தெரியாது. அவர் பாட்டுகளை அமெரிக்காவில் கிடார் தொட்ட எல்லாரும் கேட்டு வளர்ந்திருந்ததால் அது ஒப்பேறியது. நீங்கள் சக் பெர்ரி அல்ல. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

பின்பற்றத் தக்க வழி ஐரோப்பிய ஜாஸ் மன்றங்களில் இருக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கங்களின் தகராறால் 1930களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிப்பதே அரிதாக இருந்தது. பிறகு ஆளுக்கு ஆள் பரிமாற்றம் என்ற ஏற்பாடு வந்தது. 1961இல் ஜூட் சிம்ஸ் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் மன்றத்துக்கு வந்தார். பதிலுக்கு டபி ஹேய்ஸ் நியூயார்க் போய் வாசித்தார். இந்த ஏற்பாட்டில் வந்த தனிக் கலைஞர்களுக்கு மன்றத்தின் சொந்தக் குழுதான் பக்கம் வாசித்தது. 1960களின் பெரும்பகுதி ரோனி ஸ்காட்ஸில் பியானோவில் உட்கார்ந்திருந்தவர் ஸ்டான் ட்ரேசி. சானி ரோலின்ஸ் உட்பட வந்தவர் எல்லாருக்கும் அவரே பக்கம். கோபன்ஹேகனின் மோன்மார்ட்ர மன்றத்தில் டெக்ஸ்டர் கார்டனுக்கு வாசித்த குழுவில் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பெடர்சன் என்ற டேனிஷ் பாஸ் கலைஞர் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பக்கம் வாசிக்கிற உள்ளூர்க்காரர் உங்களைவிடப் பெரிய வித்வானாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது.

ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டியவை

பாட்டுப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு. இந்த மூன்றையும் ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒலிப்பதிவு மேடையில் வாசிக்கப்போகும் அதே சுருதியிலும் அதே காலப்பிரமாணத்திலும் இருக்க வேண்டும். யாரோ பாடிய யூடியூப் இணைப்பை அனுப்பிவிட்டு, ‘நான் இதைவிட அரைக் கட்டை குறைத்துப் பாடுவேன்’ என்று அடிக்குறிப்பு எழுதுவது எதிரில் இருப்பவருக்கு இரட்டை வேலை. கைப்பேசியில் நீங்களே பதிவு செய்தது போதும்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மொழிமாற்றிச் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒன்றரைக் கட்டையை ‘சி ஷார்ப்’ என்று சொல்லாமல் ‘டி ஃப்ளாட்’ என்று சொல்லுங்கள். கேட்கிற சுருதி ஒன்றே. ஆனால் டி ஃப்ளாட் என்று சொன்னால் டெனர் சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தில் ஈ ஃப்ளாட், ஆல்டோக்காரர் பி ஃப்ளாட் என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் அவர்கள் தினமும் வாசிக்கிற இடம். சி ஷார்ப் என்று எழுதிக் கொடுத்தால் டி ஷார்ப், ஏ ஷார்ப் என்று குறிப்பில் முள்வேலி போட்டதுபோல் ஆகிவிடும். கிடார்காரருக்குக் கவலையே இல்லை, முதல் கட்டத்தில் கேப்போ மாட்டிக்கொண்டு சி வடிவங்களைப் பிடித்துவிடுவார். ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்கள் இதே காரணத்துக்காக ‘ஏ ஃப்ளாட்’ என்று சொல்லலாம்.

ராகத்தை விளக்க உட்காராதீர்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தா பற்றிய சொற்பொழிவு ஒத்திகை நேரத்தைத் தின்றுவிடும். சங்கராபரணம் என்றால் மேஜர், கரகரப்பிரியா டோரியன், ஹரிகாம்போதி மிக்ஸலிடியன், நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர் என்று ஒரு வரியில் சொன்னால் ஸ்கேல் எது என்று அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கமகத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை ஒரு குழுவோடு வாசிக்கும்போது இந்த ஐந்துக்குள் நிற்பது புத்திசாலித்தனம். தோடியை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாக எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்தக் கார்டு வரலாம், எது வரக்கூடாது. ஹம்சத்வனியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை ஷட்ஜமம் என்றால் அதில் இருப்பவை சி, டி, ஈ, ஜி, பி. மத்யமமும் தைவதமும் கிடையாது. பியானோக்காரர் பழக்கத்தில் எஃப் மேஜர் போட்டால் இல்லாத இரண்டு ஸ்வரமும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ராகம் காணாமல் போய்விடும். ‘சி மேஜர், ஜி மேஜர், ஈ மைனர், இவை மட்டும்’ என்று குறிப்பில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. மோகனத்தில் இன்னும் குறைவு, சி மேஜரும் ஏ மைனரும்தான். ஆலாபனை பகுதியில் கார்டே வேண்டாம், பாஸ் வாத்தியம் ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று சொல்லிவிடுங்கள். நல்ல கலைஞர்கள் இதைக் கட்டுப்பாடாக நினைக்க மாட்டார்கள்.

அவர்களுடைய பக்கத்திலிருந்து வருகிற குறிப்பையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜாஸ் குழு என்றால் ‘ரியல் புக்’கிலிருந்து ஒரு பக்கம் வரும். 1970களில் பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரி வட்டாரத்தில் அனுமதியில்லாமல் அச்சடித்துக் கையோடு கை மாறிய தொகுப்பு அது. 2004இல்தான் முறையான பதிப்பு வந்தது. நாஷ்வில் பக்கத்துக் குழு என்றால் கார்டுகளுக்குப் பதிலாக 1, 4, 5 என்று எண்களை மட்டும் எழுதி அனுப்புவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஷட்ஜமம் எதுவானாலும் உறவுமுறை மாறாது என்ற அதே கணக்கு. நமக்குத்தான் அது மற்றவர்களைவிடச் சுலபம்.

தாளத்தில் எங்கே முட்டும்

தாளத்தில் நாம் கெட்டிக்காரர்கள் என்ற எண்ணம் நமக்கு உண்டு. கணக்கைப் பொறுத்தவரை அது உண்மை. அந்தக் கெட்டிக்காரத்தனமே மேடையில் தொல்லையாகவும் மாறும்.

ப்ளூஸில் ஒரு சுற்று 12 பார், அதாவது 48 அட்சரம். ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். ஜாஸில் மிகப் பரவலான 32 பார் பாட்டு என்றால் 128 அட்சரம், பதினாறு ஆவர்த்தனம். ‘ட்ரேடிங் ஃபோர்ஸ்’ என்று சொல்லி ஆளுக்கு நான்கு பார் மாற்றி மாற்றி வாசிப்பார்களே, அது இரண்டு இரண்டு ஆவர்த்தனம் குறைத்து வாசிக்கிற நம் தனி மாதிரிதான். அந்த நான்கு பாருக்குள் கோர்வை முடிந்து அடுத்த சமத்தில் விழ வேண்டும். சதுஸ்ர நடையில் 64 மாத்திரை. ‘ததிங்கிணதோம்’ நான்கு முறை சொன்னால் 20. இரண்டு மாத்திரை கார்வை விட்டு மூன்று முறை வைத்தால் 60உம் 4உம் சேர்ந்து 64. டிரம்ஸ்காரரிடம் ‘நாலு பார், கடைசி அடி உங்களுடைய ஒன்றில் விழும்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அந்த ஒன்றில் சிம்பலை அடிப்பார், அரங்கம் கைதட்டும்.

ஆனால் இந்தக் கணக்கு நேராகப் போகிற ராக், ஃபங்க் வகைகளுக்கே பொருந்தும். ஸ்விங் வேறு. அங்கே ஒவ்வொரு அட்சரமும் உள்ளுக்குள் திஸ்ரமாக நடக்கிறது. அதன்மேல் சதுஸ்ரச் சொற்களை அடுக்கினால் கணக்கு சரியாக இருக்கும், நடை விறைத்துப்போகும். திஸ்ர நடையில் யோசியுங்கள்: நான்கு பாருக்கு 48 மாத்திரை, பதினாறு பதினாறாக மூன்று முறை. இன்னொன்று, ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். நம் கை இயல்பாக ஒன்றிலும் மூன்றிலும் போகும். வீட்டிலேயே மெட்ரோனோமை இரண்டு, நான்கில் மட்டும் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு பழகிவிட்டுப் போங்கள்.

பால்கன் நாடுகளின் குழுக்களோடு வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல்கேரியாவின் ரச்செனிட்சா நடனம் ஏழு அட்சரம். மிச்ரசாபு என்று நினைத்து உற்சாகமாக உள்ளே இறங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். நம் மிச்ரசாபு தகிட தகதிமி, 3+4. அவர்களுடையது 2+2+3, நீளமான பகுதி கடைசியில் வரும். ஆடுகிறவர்களின் கால் அந்த மூன்றில்தான் இருக்கிறது. முதல் சுற்று முழுவதும் வாசிக்காமல் கால்களைப் பாருங்கள்.

அயர்லாந்தில் இதெல்லாம் எதுவும் செல்லாது. டூலின் போன்ற ஊர்களின் மதுக்கூடங்களில் நடக்கிற செஷனில் யாரும் தனி வாசிப்பதில்லை. தெரிந்த ட்யூனை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ரீல், ஜிக் என்ற வகைகளையும் ஐம்பது அறுபது ட்யூன்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிற வயலின்காரருக்கு நாற்காலி கிடைக்கும். தாள வாத்தியக்காரருக்கு அவ்வளவு எளிதல்ல. ஒரு பௌரான் ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது தோல் வாத்தியத்தை விரும்ப மாட்டார்கள். கேட்டுவிட்டு, அவர்கள் தலையசைத்த பிறகு எடுங்கள்.

ஒத்திகையில்

பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் கச்சேரி நாள் மத்தியானம். அதில் பாட்டுகளை முழுமையாக வாசித்துப் பார்க்கிறவர்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் எடுப்பு, முடிப்பு, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகிற இடம், இவற்றை மட்டும் மூன்று நான்கு முறை வாசியுங்கள். தேர்ந்த கலைஞர்களுக்கு நடுப்பகுதி தானாக வரும். கச்சேரிகள் சரிகிற இடம் எப்போதும் யார் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான்.

கைச்சைகைகளைப் பேசி முடிவு செய்யுங்கள். தலையைத் தொட்டுக் காட்டினால் பல்லவிக்குத் திரும்பு. மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. விரல்களைக் கீழே காட்டினால் அத்தனை ஃப்ளாட், மேலே காட்டினால் அத்தனை ஷார்ப்: கீழே மூன்று விரல் ஈ ஃப்ளாட், ஐந்தும் கீழே என்றால் உங்கள் ஒன்றரைக் கட்டை. மேடைச் சத்தத்தில் வாயால் சொல்வது எதுவும் கேட்காது. நாம் தொடையில் போடுகிற தாளத்தை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள், ஆகவே அதை நம்பி எதையும் விடாதீர்கள்.

தரையில் மேடை போட்டு உட்காருகிறவர்கள் அதன் உயரத்தை முன்பே கேட்டு வாங்க வேண்டும். நின்று வாசிக்கிற டிரம்பெட்காரரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் எந்தச் சைகையும் கண்ணில் படாது. மிருதங்கத்துக்கு இரண்டு மைக், பக்கத்துக்கு ஒன்று. டிரம்ஸுக்கு நேர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மைக்கில் சிம்பல்தான் விழும்.

வாத்தியமும் சுங்கமும்

கஞ்சிரா வாசிப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். பழைய கஞ்சிராக்களில் இருப்பது உடும்புத் தோல். உடும்பு இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. குருநாதர் கொடுத்தது என்று சொன்னாலும் சுங்கத்தில் எடுபடாது. செயற்கைத் தோலிலோ ஆட்டுத்தோலிலோ செய்ததை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். யானைத் தந்த வேலைப்பாடு உள்ள பழைய தம்பூராவுக்கும் வீணைக்கும் இதே பேச்சுதான். அவை வீட்டில் இருக்கட்டும். ஈட்டி மரம், ரோஸ்வுட் வாத்தியங்களுக்கு 2017இல் வந்த கெடுபிடி, முழுமையான வாத்தியங்களைப் பொறுத்தவரை 2019 நவம்பரில் தளர்ந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் தளர்வு இல்லை.

ஆஸ்திரேலியா போகிற மிருதங்கக்காரர் பலா மரத்தையும் தோலையும் வருகை அட்டையில் தவறாமல் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பரிசோதித்துவிட்டுப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம். சுருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். இடந்தலைக்கு ரவை எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

கடத்தை எப்பாடு பட்டாவது விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அமெரிக்க விமான நிறுவனங்கள், ஏறுகிற நேரத்தில் மேலே இடம் இருந்தால் சிறு வாத்தியங்களை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. அதன் அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு அது பொருந்தாது, அங்கே முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். விலையுயர்ந்த வாத்தியத்துக்கு இந்திய விமான நிலையத்திலேயே சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

குளிர்காலத்தில் ஐரோப்பா, கனடா போகிறவர்கள் சூடேற்றிய அறைகளின் வறட்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும். தோல் இறுகிச் சுருதி ஏறும், வயலினில் ஒட்டு விடும். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் பை போடுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், ஜப்பான் 100. எலெக்ட்ரானிக் தம்பூராவின் அடாப்டரில் ‘100-240’ என்று எழுதியிருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள்.

விசாவும் பணமும்

சுற்றுலா விசாவில் போய் வாசித்துவிட்டு வந்துவிடலாம் என்று அழைப்பவர் சொன்னால் அந்த அழைப்பையே சந்தேகியுங்கள். திருப்பி அனுப்பினால் அடி உங்கள் கடவுச்சீட்டில் விழும், அவருக்கு ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் கலைஞர்களுக்கென்று தனி விசாக்கள் உண்டு. தனித்தன்மையான பண்பாட்டுக் கலைகளுக்கு ஒரு வகையே இருக்கிறது. அதற்கான மனுவை நீங்கள் போட முடியாது, அமெரிக்காவில் இருக்கிற அமைப்பாளரோ முகவரோ போட வேண்டும். நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்பிருந்தே போடலாம், மாதக்கணக்கில் ஆகும். பிரிட்டனில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கச்சேரியை, வருகையாளர் விசாவிலேயே வந்த 30 நாட்களுக்குள் பணம் வாங்கிக்கொண்டு முடிக்க வழி இருக்கிறது. அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் விசா 180 நாட்களில் 90 நாள் தங்கத்தான் அனுமதி. வேலை அனுமதி பற்றிய விதி நாட்டுக்கு நாடு மாறும்.

சம்பளம் எவ்வளவு என்பதைவிட எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள். உறுதித் தொகையா, நுழைவுச்சீட்டு வசூலில் பங்கா, நியூ ஆர்லியன்ஸ் வீதிகளில் நடப்பதுபோல் வாளியில் விழுகிற காசா? மூன்றும் கௌரவமானவைதான். எது என்று தெரியாமல் போவதுதான் கூடாது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு யார், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுவையுங்கள். உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போடுகிற அமைப்பாளர்கள் இருக்கிறார்கள், நம்மவர்களிலும் உண்டு. அடுத்த முறை அந்தக் குழு உங்களோடு வாசிக்காது, காரணமும் சொல்லாது.

வாசித்த பாட்டுகளின் பட்டியலை இயற்றியவர் பெயரோடு மன்றத்திடம் எழுதிக் கொடுங்கள். உங்கள் சொந்தப் படைப்புகள் இருந்து, நீங்கள் ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினராகவும் இருந்தால் உரிமத் தொகை உங்களுக்கு வந்துசேர அதுதான் ஆதாரம். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பொதுவிதியாக அமெரிக்காவில் 30 சதவீதம், பிரிட்டனில் 20, ஜெர்மனியில் 15உம் அதன்மேல் ஒரு கூடுதல் வரியும். பேசிய தொகை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அங்கே கட்டிய வரியை இங்கே வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வரி பிடித்ததற்கான சான்றிதழ் வேண்டும். ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் கேட்டு அதை வாங்குவது மிகக் கடினம். கச்சேரி முடிந்த இரவே, சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.